பொறியாளர் சங்கத்தில் முடிவெடுப்பது யார்? கோவை கிளை முதல் கொல்கத்தா கவுன்சில் வரை: முழு விளக்கம்

கோவை ஆவாரம்பாளையத்திலோ கணபதியிலோ ஒரு பம்ப் கம்பெனி. டிப்ளமோ முடித்துவிட்டு அங்கே சூப்பர்வைசராக இருக்கும் ஒருவர், வேலை முடிந்த பிறகு ராத்திரியில் படித்து ஒரு பொறியாளர் அமைப்பின் தேர்வை எழுதி பாஸ் ஆகிறார். அடுத்து பதவி உயர்வுக்கோ அரசு வேலைக்கோ விண்ணப்பிக்கும்போது கேள்வி வருகிறது: "இந்த சர்டிபிகேட் டிகிரிக்கு சமமா?"

இதற்கான பதில் அவர் எழுதிய தேர்வில் மட்டும் இல்லை. அந்த அமைப்பு எந்தச் சட்டத்தின் கீழ் இயங்குகிறது, அதன் நிர்வாகக் குழுவுக்கு எந்த அளவுக்கு அதிகாரம், அரசு எந்தத் தேதி வரை அதை அங்கீகரித்தது என்பதையெல்லாம் பொறுத்தது. கொங்கு மண்டலத்தில் ஏராளமான பொறியாளர்கள் ஏதோ ஒரு சங்கத்தில் உறுப்பினர். சந்தா கட்டுகிறார்கள், செப்டம்பர் 15 பொறியாளர் தின விழாவுக்குப் போகிறார்கள். ஆனால் சங்கத்தில் முடிவு எப்படி எடுக்கப்படுகிறது, அதில் தன் ஓட்டுக்கு என்ன மதிப்பு என்பது பலருக்கும் தெளிவாகத் தெரிவதில்லை. அதைத்தான் இங்கே பார்க்கப் போகிறோம்.

எல்லாச் சங்கமும் ஒண்ணுதானா?

இல்லை. கோவையில் "இன்ஜினியர் சங்கம்" என்று பொதுவாகச் சொன்னாலும், அதற்குள் குறைந்தது மூன்று வகை இருக்கிறது.

முதல் வகை, தொழில்முறை அமைப்பு. இதில் உறுப்பினராக இருப்பது தனி ஆள். படிப்பு, அனுபவம் ஆகியவற்றைப் பார்த்துத்தான் சேர்ப்பார்கள். இந்தியாவில் இதற்குப் பெரிய உதாரணம் இன்ஸ்டிடியூஷன் ஆஃப் இன்ஜினியர்ஸ் (இந்தியா), சுருக்கமாக ஐ.இ.ஐ. கோவையிலும் இதற்குக் கிளை மையம் உண்டு.

இரண்டாவது வகை, தொழில் நிறுவனங்களின் சங்கம். 1952-ல் தொடங்கிய தென்னிந்திய பொறியியல் உற்பத்தியாளர்கள் சங்கமான சீமா, 1969-ல் தொடங்கிய கோவை மாவட்ட சிறுதொழில்கள் சங்கமான கொடிசியா ஆகியவை இந்த வகை. இங்கே உறுப்பினர் என்பது பெரும்பாலும் கம்பெனி அல்லது பட்டறை. அதன் சார்பில் முதலாளியோ பிரதிநிதியோ வந்து ஓட்டுப் போடுவார். அங்கே வேலை பார்க்கும் பொறியாளருக்கு ஓட்டு இல்லை.

மூன்றாவது வகை, ஊர் அளவில் இருக்கும் கட்டடப் பொறியாளர் சங்கங்கள். கோவை, திருப்பூர், ஈரோடு, கரூர், நாமக்கல் என்று ஊருக்கு ஊர் இந்த மாதிரி சங்கங்களைப் பார்க்கலாம். சங்கப் பதிவுச் சட்டத்தின் கீழ் பதிவு செய்துகொண்டு இயங்குபவை இவை.

மூன்றிலும் தலைவர், செயலாளர், பொருளாளர் என்று பதவிகள் ஒரே மாதிரிதான் இருக்கும். ஆனால் அதிகாரம் வரும் இடம் வேறு வேறு. அதைப் புரிந்துகொள்ளாமல்தான் "நம்ம சங்கம் ஏன் இதைச் செய்யலை?" என்ற கேள்வி தப்பான வாசலில் போய் நிற்கிறது.

சென்னையில் பதிவு, கொல்கத்தாவில் தலைமை

ஐ.இ.ஐ.-யின் கதை 1920-ல் தொடங்குகிறது. முதல் உலகப் போர் காலத்தில், 1916 முதல் 1918 வரை, இந்தியாவின் தொழில் நிலையை ஆராய சர் தாமஸ் ஹாலண்ட் தலைமையில் ஒரு ஆணையம் செயல்பட்டது. இந்தியாவில் பொறியாளர்களுக்குத் தனி அமைப்பு வேண்டும் என்ற யோசனை அந்தச் சூழலில்தான் வலுப்பெற்றது. 1920-ல் இந்த அமைப்பு அப்போதைய கம்பெனி சட்டத்தின் கீழ் சென்னையில் பதிவானது. 1921 பிப்ரவரியில் வைஸ்ராய் செம்ஸ்ஃபோர்டு கல்கத்தாவில் முறைப்படி தொடங்கிவைத்தார். முதல் தலைவர் அதே தாமஸ் ஹாலண்ட்தான்.

1935 செப்டம்பர் 9-ல் இதற்கு பிரிட்டிஷ் அரசரின் சாசனம் கிடைத்தது. சாசனம் கிடைப்பது என்றால் என்ன? அந்த அமைப்பு தனியொரு சட்ட நபராகிறது. உறுப்பினர்கள் மாறினாலும் அமைப்பு தொடரும். சொத்து வாங்கலாம், வழக்குப் போடலாம், உறுப்பினர்களுக்குத் தகுதிச் சான்று தரலாம். பிரிட்டனில் 1818-ல் தொடங்கி 1828-ல் சாசனம் பெற்ற சிவில் பொறியாளர்கள் அமைப்பின் வழிதான் இது.

ஆனால் ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். சாசனம் என்பது நாடாளுமன்றம் இயற்றிய சட்டம் இல்லை. "இந்த அமைப்பில் உறுப்பினரானால்தான் இன்ஜினியராக வேலை பார்க்கலாம்" என்று சொல்லும் அதிகாரம் அதில் இல்லை. பின்னால் வரும் சிக்கலுக்கெல்லாம் வேர் இங்கேதான் இருக்கிறது.

முடிவெடுக்கும் ஏணி எப்படி?

ஐ.இ.ஐ.-யில் மூன்று படிகள் இருக்கின்றன.

உச்சியில் கவுன்சில். தலைமையகம் கொல்கத்தாவில் கோகலே ரோட்டில் இருக்கிறது. உறுப்பினர் சேர்க்கை விதி, தேர்வு, நிதி, ஒழுங்கு நடவடிக்கை என்று பெரிய முடிவுகள் எல்லாம் கவுன்சிலிடம். சிவில், மெக்கானிக்கல், எலெக்ட்ரிக்கல், டெக்ஸ்டைல், விவசாயம் உட்பட 15 பொறியியல் பிரிவுகளுக்குத் தனித்தனி டிவிஷன் போர்டுகள் உண்டு. அன்றாட நிர்வாகத்தைச் செயலாளர் மற்றும் தலைமை இயக்குநர் என்ற முழுநேர அதிகாரி பார்க்கிறார். தலைவர் பதவி கௌரவப் பதவி.

நடுவில் மாநில மையம். தமிழ்நாட்டுக்கான மையம் சென்னை சேப்பாக்கத்தில் இயங்குகிறது.

கீழே உள்ளூர் மையம். கோவை மையம் இந்தப் படியில் வருகிறது. இதற்கும் ஒரு தலைவர், ஒரு கௌரவச் செயலாளர், ஒரு குழு.

யாருக்கு ஓட்டு? ஃபெலோ, மெம்பர், அசோசியேட் மெம்பர் என்ற மூன்று நிலைகளில் இருப்பவர்கள் கார்ப்பரேட் உறுப்பினர்கள். பெயருக்குப் பின்னால் எஃப்.ஐ.இ., எம்.ஐ.இ., ஏ.எம்.ஐ.இ. என்று போட்டுக்கொள்வது இவர்கள்தான். கல்லூரி மாணவர்கள் மாணவர் கிளையில் சேரலாம். ஆனால் அது இந்த மூன்று நிலைகளில் வராது.

அப்போ கோவை மையம் எதை முடிவு செய்யலாம்? கருத்தரங்கு, தொழில்நுட்பச் சொற்பொழிவு, மாணவர் கிளைகளை ஊக்குவிப்பது, உள்ளூர்ப் பிரச்சினையில் பொறியாளர்களின் கருத்தைத் திரட்டுவது போன்றவற்றை முடிவு செய்யலாம். தேர்வுப் பாடத்திட்டத்தையோ, உறுப்பினர் தகுதியையோ, சான்றிதழின் மதிப்பையோ தொட முடியாது. கோவைக் கூட்டத்தில் ஒரு தீர்மானம் ஏகமனதாக நிறைவேறினாலும், அது கவுன்சிலுக்கு அனுப்பும் கோரிக்கைதான், உத்தரவு இல்லை.

அதனால் உறுப்பினருக்கு உண்மையில் முக்கியமான தேர்தல் உள்ளூர்க் குழுத் தேர்தல் மட்டும் இல்லை. கவுன்சிலுக்குப் போகிறவர் யார் என்பதிலும் அதே அளவு அக்கறை வேண்டும்.

ஏ.எம்.ஐ.இ.: ஒரு தேதி மாற்றிய கணக்கு

இந்த நிர்வாக விஷயம் எல்லாம் சாதாரண உறுப்பினரின் வாழ்க்கையை எப்படித் தொடுகிறது என்பதற்குச் சரியான உதாரணம் ஏ.எம்.ஐ.இ. தேர்வு.

1928-ல் தொடங்கிய தேர்வு இது. செக்‌ஷன் ஏ, செக்‌ஷன் பி என்று இரண்டு பகுதி. கல்லூரிக்குப் போக வசதியில்லாமல் பாலிடெக்னிக்கோடு நிறுத்தி வேலைக்குப் போனவர்களுக்கு இது ஒரு கதவு. பகலில் பட்டறை, ராத்திரி புத்தகம். பாஸ் ஆனால் மத்திய அரசு வேலைக்கு இன்ஜினியரிங் டிகிரிக்கு இணையாக எடுத்துக்கொள்ளப்பட்டது. பம்ப், மோட்டார், ஃபவுண்டரி, மில் என்று இயங்கும் கோவை போன்ற ஊருக்கு ஏற்ற வழி இது.

"படிப்பை விட வேலை தெரியணும்" என்ற வாதமும் இந்த ஊருக்குப் புதிதில்லை. ஜி.டி.நாயுடு 1945-ல் கோவையில் ஆர்தர் ஹோப் பெயரிலான தொழில்நுட்பக் கல்லூரி உருவாகக் காரணமாக இருந்தவர். நான்கு வருஷப் படிப்பு காலவிரயம், அதைக் குறைந்த காலத்தில் சொல்லித்தர முடியும் என்பது அவர் கட்சி. அரசு அதை ஏற்காததால் முதல்வர் பொறுப்பை விட்டே விலகினார். அந்தக் கல்லூரிதான் இன்றைய அரசு தொழில்நுட்பக் கல்லூரி, அதாவது ஜி.சி.டி.

ஏ.எம்.ஐ.இ. மாதிரியே வேறு சில அமைப்புகளும் தேர்வு நடத்தி, அரசிடம் இணைத்தகுதி அங்கீகாரம் பெற்றிருந்தன. 2012 ஜூலையில் மத்திய மனிதவள மேம்பாட்டு அமைச்சகம் ஒரு கோடு போட்டது. நிரந்தர அங்கீகாரம் பெற்றிருந்த அமைப்புகளில் 2013 மே 31 வரை பதிவு செய்தவர்களுக்கு மட்டும் அந்த அங்கீகாரம் செல்லும் என்பதுதான் அதன் சாரம்.

விஷயம் நீதிமன்றத்துக்கும் போனது. 2012 நவம்பரில் பஞ்சாப்–ஹரியானா உயர் நீதிமன்றம் இந்த வகைச் சான்றிதழ்கள் பற்றி ஒரு தீர்ப்பு கொடுத்தது. அதை எதிர்த்து இன்ஸ்டிடியூஷன் ஆஃப் மெக்கானிக்கல் இன்ஜினியர்ஸ் (இந்தியா) என்ற, ஐ.இ.ஐ.-யிலிருந்து வேறான அமைப்பு உச்ச நீதிமன்றம் சென்றது. 2019 ஜூலை 11-ல் வந்த தீர்ப்பில், அந்த அமைப்பு தன் உறுப்பினர்களுக்குத் தேர்வு வைத்துத் தரும் சான்றிதழை டிகிரிக்குச் சமமாகக் கருத முடியாது என்று நீதிமன்றம் சொன்னது. அதே நேரத்தில், 2013 மே 31 வரை பதிவு செய்தவர்களுக்குப் பாதுகாப்பு கொடுத்தது.

இதன் அடிப்படை எளிமையானது. பல்கலைக்கழக மானியக் குழு சட்டத்தின் 22-வது பிரிவுப்படி, டிகிரி தரும் உரிமை சட்டத்தால் உருவான பல்கலைக்கழகங்களுக்கும், நிகர்நிலைப் பல்கலைக்கழகங்களுக்கும், நாடாளுமன்றம் தனியாக அதிகாரம் கொடுத்த நிறுவனங்களுக்கும் மட்டும்தான் உண்டு. ஒரு சங்கத்தின் கவுன்சில், அது எவ்வளவு பழமையானதாக இருந்தாலும், கூடித் தீர்மானம் போட்டு அந்த உரிமையை எடுத்துக்கொள்ள முடியாது.

நடைமுறையில் இதற்கு என்ன அர்த்தம்? ஒரே கம்பெனியில் பக்கத்துப் பக்கத்து லேத்தில் வேலை பார்த்த இரண்டு பேர் என்று வைத்துக்கொள்வோம். ஒருவர் 2013 மே மாதம் பதிவு செய்தார், இன்னொருவர் ஜூன் மாதம். இரண்டு பேரும் ஒரே கேள்வித்தாளை எழுதிப் பாஸ் ஆகியிருக்கலாம். ஆனாலும் அரசு வேலைக்கு வரும்போது முதல் ஆள் வரிசையில் நிற்கலாம், இரண்டாவது ஆளுக்கு அந்த வழி இல்லை.

இங்கேதான் நிர்வாகப் பொறுப்பு என்ற கேள்வி வருகிறது. தேர்வு நடத்தும் எந்த அமைப்புக்கும் ஒரு கடமை உண்டு: அங்கீகாரம் எந்தத் தேதி வரை, எந்த நோக்கத்துக்கு, எந்தக் கடிதத்தின்படி என்பதைச் சேர்க்கை விண்ணப்பத்திலேயே தெளிவாகச் சொல்ல வேண்டும். சொல்லியிருக்கிறதா என்று பணம் கட்டும் முன் பார்ப்பது சேருகிறவரின் வேலை.

ஊர்ச் சங்கம்: 1975 சட்டம் என்ன சொல்கிறது?

தமிழ்நாட்டில் ஊர் அளவிலான பொறியாளர் சங்கங்களுக்கு அடிப்படை, தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம், 1975. முக்கியமான அம்சங்கள் இவை:

• குறைந்தது 7 பேர் சேர்ந்தால் ஒரு சங்கத்தைப் பதிவு செய்யலாம். சங்க அமைப்புக் குறிப்பும் துணை விதிகளும், அதாவது பைலாவும், மாவட்டப் பதிவாளரிடம் தாக்கலாக வேண்டும்.

• நிர்வாகக் குழுவில் குறைந்தது 3 பேர் இருக்க வேண்டும். அவர்களின் பதவிக்காலம் 3 ஆண்டுகளைத் தாண்டக் கூடாது. மறுபடி தேர்ந்தெடுக்கப்படத் தடையில்லை.

• ஆண்டுப் பொதுக்குழு கூடியாக வேண்டும். தணிக்கை செய்த கணக்கு அங்கே வைக்கப்பட வேண்டும்.

• பைலாவைத் திருத்த சாதாரணப் பெரும்பான்மை போதாது. சிறப்புத் தீர்மானம் வேண்டும். அதாவது ஓட்டுரிமையோடு கூட்டத்துக்கு வந்தவர்களில் நான்கில் மூன்று பங்குப் பேர் ஆதரிக்க வேண்டும்.

• நிர்வாகிகள் மாறினால் அதைப் படிவம் 7-ல் பதிவாளருக்குத் தெரிவிக்க வேண்டும்.

• சங்கத்தின் நிர்வாகத்தில் குளறுபடி என்றால், உறுப்பினர்களில் மூன்றில் ஒரு பங்குக்குக் குறையாதவர்கள் கையெழுத்திட்டுக் கேட்டால், பதிவாளர் 36-வது பிரிவின்படி விசாரணை நடத்தலாம். நிர்வாகக் குழுவின் பெரும்பான்மையினரோ மாவட்ட ஆட்சியரோ கேட்டாலும், பதிவாளர் தாமாகவே நினைத்தாலும் விசாரிக்கலாம்.

நான்கில் மூன்று பங்கு என்பது கணக்கில் எப்படி வரும்? ஒரு சங்கத்தில் 400 உறுப்பினர்கள் என்று வைத்துக்கொள்வோம். பொதுக்குழுவுக்கு வந்தது 60 பேர். பைலாவில் உள்ள கோரம் 50 என்றால் கூட்டம் செல்லும். அந்த 60 பேரில் 45 பேர் கை தூக்கினால் பைலா மாறிவிடும். வராத 340 பேரையும் அது கட்டுப்படுத்தும். "நான் மீட்டிங்குக்கே போகலை, எனக்குத் தெரியாது" என்று பிறகு சொன்னால் எடுபடாது, நோட்டீஸ் முறைப்படி வந்திருந்தால்.

சண்டை வந்தால் எங்கே போவது?

சங்கத் தேர்தலில் இரண்டு கோஷ்டி, இரண்டு பேரும் "நாங்கதான் நிர்வாகிகள்" என்று படிவம் 7 கொடுக்கிறார்கள். இது தமிழ்நாட்டில் அடிக்கடி பார்க்கும் காட்சி. பலர் நினைப்பது, பதிவாளர் உட்கார்ந்து விசாரித்து யார் ஜெயித்தது என்று சொல்லிவிடுவார் என்று. சென்னை உயர் நீதிமன்றம் பல வழக்குகளில் இதைத் தெளிவுபடுத்தியிருக்கிறது: தேர்தல் செல்லுமா செல்லாதா என்று தீர்ப்புச் சொல்லும் அதிகாரம் பதிவாளருக்கு இல்லை. ஆவணங்களை மேலோட்டமாகப் பார்த்துப் பதிவு செய்வதுதான் அவர் வேலை. உண்மையான தகராறு என்றால் சிவில் கோர்ட்டுக்குத்தான் போக வேண்டும்.

சிவில் வழக்கு முடிய வருஷக்கணக்காகலாம். நிர்வாகிகளின் பதவிக்காலமோ அதிகபட்சம் மூன்று வருஷம். வழக்கு முடிவதற்குள் அந்தப் பதவிக்காலமே முடிந்துவிடலாம். அதனால்தான் தகராறு வந்த பிறகு ஓடுவதை விட, வாக்காளர் பட்டியலைத் தேர்தலுக்கு முன்பே சரிபார்ப்பது முக்கியம். பல சங்கங்களின் பைலாவில் சந்தா பாக்கி வைத்தவருக்கு ஓட்டு கிடையாது. தேர்தலுக்குச் சில நாள் முன்னால் மொத்தமாகப் புது உறுப்பினர்களைச் சேர்ப்பது, பாக்கி இருக்கிறது என்று பழையவர்களை நீக்குவது, இந்த இரண்டிலும்தான் பெரும்பாலான புகார்கள் பிறக்கின்றன.

கமிட்டி நாற்காலியும் கம்பெனி நலனும்

பொறியாளர் அமைப்பில் இன்னொரு ஆபத்து இருக்கிறது. மற்ற சங்கங்களில் இது இவ்வளவு கூர்மையாக இருக்காது. தொழில்நுட்பக் குழுவில் உட்காருகிறவருக்கு விஷயம் தெரிந்திருக்க வேண்டும். விஷயம் தெரிந்தவர் பெரும்பாலும் அதே துறையில் ஏதோ ஒரு கம்பெனியில்தான் வேலை பார்ப்பார். அப்போ அவர் பேசுவது பொறியாளராகவா, கம்பெனி ஆளாகவா?

இதற்கு உலகம் முழுக்கச் சொல்லப்படும் உதாரணம் அமெரிக்காவில் நடந்தது. அமெரிக்க மெக்கானிக்கல் பொறியாளர்கள் சங்கம் பாய்லர்களுக்கான பாதுகாப்பு விதித்தொகுப்பை வெளியிடுகிறது. ஹைட்ரோலெவல் என்ற சின்ன கம்பெனி, பாய்லரில் தண்ணீர் குறைந்தால் எரிபொருளை நிறுத்தும் கருவி ஒன்றை, நேரத் தாமதத்தோடு வேலை செய்யும் விதத்தில் தயாரித்தது. அந்தச் சந்தையில் கோலோச்சிய போட்டிக் கம்பெனியின் அதிகாரி ஒருவர், சங்கத்தின் சம்பந்தப்பட்ட துணைக்குழுவில் துணைத் தலைவர்.

1971-ல் போட்டிக் கம்பெனியிலிருந்து சங்கத்துக்கு ஒரு விளக்கம் கேட்டுக் கடிதம் போனது. அந்தக் கடிதத்தை வடிவமைப்பதில் துணைக்குழுவின் தலைவரும் துணைத் தலைவருமே பங்கெடுத்திருந்தார்கள். பதிலைத் தயாரித்ததும் அதே துணைக்குழுத் தலைவர்தான். நேரத் தாமதம் உள்ள கருவி பாதுகாப்பில்லாதது என்று அர்த்தம் கொள்ளும்படி சங்கத்தின் லெட்டர்ஹெட்டில் பதில் வந்தது. அதைக் காட்டியே போட்டிக் கம்பெனியின் விற்பனையாளர்கள் ஹைட்ரோலெவலின் வாடிக்கையாளர்களைக் கலைத்தார்கள்.

1982 மே மாதம் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது: லாப நோக்கமில்லாத அமைப்பாக இருந்தாலும், தன் பெயரைப் பயன்படுத்திக் கமிட்டி உறுப்பினர்கள் செய்த போட்டித் தடைக்குச் சங்கமே பொறுப்பு. கமிட்டியில் இருப்பவர்கள் சம்பளம் வாங்காத தன்னார்வலர்கள் என்பது சங்கத்தைக் காப்பாற்றவில்லை.

கோவைக்கு இது தூரத்துக் கதை இல்லை. பம்ப், மோட்டார், வெட் கிரைண்டர் என்று இங்கே தயாராகும் பொருள்களுக்கு இந்திய தர நிர்ணய அமைப்பின் தரநிலைகள் உண்டு. அவற்றை உருவாக்கும் குழுக்களில் உற்பத்தியாளர், பயன்படுத்துவோர், ஆய்வகம், அரசு என்று பல தரப்பும் இடம்பெற வேண்டும் என்ற முறை இருப்பதற்குக் காரணமே இதுதான். பம்ப்பின் திறனைச் சோதிக்கும் முறையில் ஒரு எண் மாறினால், பெரிய கம்பெனிக்கு அது ஒரு புது டெஸ்ட் பெஞ்ச். பத்துப் பேர் வேலை செய்யும் பட்டறைக்கு அது தொழிலில் நீடிப்பதா வேண்டாமா என்ற கேள்வி. அந்தக் குழுவில் யார் உட்கார்ந்திருந்தார், அவருக்கு அதில் வியாபார நலன் இருந்ததா, அதை முன்கூட்டியே சொன்னாரா, அந்த விவாதத்தில் வெளியே இருந்தாரா என்பதெல்லாம் மினிட்ஸ் புத்தகத்தில் இருக்க வேண்டும்.

வக்கீலுக்கு பார் கவுன்சில், இன்ஜினியருக்கு?

வழக்கறிஞர் சட்டம் 1961, ஆடிட்டர்களுக்கான சட்டம் 1949, கட்டடக் கலைஞர்கள் சட்டம் 1972, தேசிய மருத்துவ ஆணையச் சட்டம் 2019. இப்படி ஒவ்வொரு தொழிலுக்கும் நாடாளுமன்றம் சட்டம் போட்டிருக்கிறது. பதிவு, தகுதி, ஒழுங்கு நடவடிக்கை எல்லாம் அந்தச் சட்டத்தில் வருகிறது. பொறியாளர்களுக்கு அப்படி நாடு தழுவிய ஒரு சட்டம் இதுவரை இல்லை.

விளைவு? ஒரு டாக்டர் தப்புச் செய்தால் பதிவை நிறுத்தி வைக்க ஒரு அமைப்பு இருக்கிறது. ஒரு பாலம் இடிந்தால் அதை வடிவமைத்தவர் மீது போலீஸ் வழக்கு வரலாம், அரசு ஊழியர் என்றால் துறை நடவடிக்கை வரலாம், ஒப்பந்தக்காரர் கறுப்புப் பட்டியலில் போகலாம். ஆனால் "இவர் இனி பொறியாளராகத் தொழில் செய்யக் கூடாது" என்று சொல்ல நாடு முழுமைக்கும் ஒரு கவுன்சில் இல்லை. சங்கம் தன் உறுப்பினர் பட்டியலில் இருந்து அவரை நீக்கலாம். அவர் மறுநாளும் டிராயிங்கில் கையெழுத்துப் போட அது தடையில்லை.

கனடாவில் இது வேறு மாதிரி. அங்கே மாகாணச் சட்டப்படி பொறியாளர் அமைப்பே உரிமம் தருகிறது, பறிக்கிறது. பிரிட்டனில் இன்ஜினியரிங் கவுன்சில் சார்ட்டர்ட் இன்ஜினியர் பட்டியலைப் பராமரிக்கிறது.

இந்தியாவில் பொறியாளர்களுக்குச் சட்டம் வேண்டும் என்ற கோரிக்கை பல ஆண்டுகளாக இருக்கிறது. 2025-ல் தொழில்முறைப் பொறியாளர்கள் மசோதாவின் வரைவு ஒன்று கருத்துக் கேட்புக்காக வெளியிடப்பட்டது. பொறியாளர்களைப் பதிவு செய்ய ஒரு தேசியக் கவுன்சில் அமைப்பது அதன் மைய யோசனை. இது சட்டமானால் சங்கங்களின் இடமும் மாறும். பதிவுக்கான தகுதியை மதிப்பிடுவது யார், தொடர் பயிற்சியை நடத்துவது யார், டிப்ளமோ முடித்து 20 வருஷம் அனுபவம் உள்ளவர் எந்தப் பட்டியலில் வருவார் என்ற கேள்விகளுக்கு அப்போது பதில் எழுதப்படும். அந்தப் பதிலில் கொங்குப் பகுதியின் குரல் வர வேண்டுமானால், இங்குள்ள சங்கங்கள் கூடிப் பேசி, எழுத்தில் கருத்து அனுப்பியிருக்க வேண்டும். மேடையில் பேசியது கணக்கில் வராது.

சங்க அட்டை வேறு, பதிவு எண் வேறு

வீடு கட்டுகிறவர்களும் இதைத் தெரிந்துகொள்வது நல்லது. தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள், 2019-ன்படி, வரைபட அனுமதிக்குக் கையெழுத்துப் போடும் பொறியாளர், ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர் ஆகியோர் உரிய அரசு அமைப்பிடம் பதிவு செய்திருக்க வேண்டும். ஊர்ச் சங்கத்தின் உறுப்பினர் அட்டை அதற்கு மாற்று இல்லை.

2024 ஜூலையில் தமிழக அரசு சுயசான்று முறையைக் கொண்டு வந்தது. 2,500 சதுரடி வரையிலான மனையில், 3,500 சதுரடி வரை, தரைத்தளம் அல்லது தரைத்தளமும் முதல் தளமும் கொண்ட வீட்டுக்கு ஆன்லைனில் உடனடி அனுமதி. கள ஆய்வு முன்கூட்டியே இல்லாததால், பொறுப்பு வீட்டுக்காரர் பக்கமும் வரைபடம் போடுகிறவர் பக்கமும் கூடுகிறது. இப்படி ஒரு விதி மாறும்போது உறுப்பினர்களுக்கு அதை விளக்குவது, நடைமுறைச் சிக்கலைத் தொகுத்து அரசுக்குக் கொண்டுபோவது, இரண்டுமே ஊர்ச் சங்கத்தின் உருப்படியான வேலைகள். வெறும் லெட்டர்பேட் சங்கத்தால் இது முடியாது.

உறுப்பினர் கேட்க வேண்டிய 7 கேள்விகள்

1. பைலாவின் தற்போதைய பிரதி எங்கே? கடைசியாக எப்போது திருத்தப்பட்டது, அது பதிவாளரிடம் பதிவாகியிருக்கிறதா?

2. என் பெயர் வாக்காளர் பட்டியலில் இருக்கிறதா? ஓட்டுரிமைக்குச் சந்தா கட்டக் கடைசித் தேதி எது?

3. பொதுக்குழுவுக்கு கோரம் எவ்வளவு? கோரம் இல்லாமல் ஒத்திவைத்த கூட்டத்துக்குத் தனி விதி உண்டா? பல பைலாக்களில் ஒத்திவைத்த கூட்டம் அரை மணி நேரம் கழித்து அதே இடத்தில் கோரமே இல்லாமல் நடக்கலாம் என்று இருக்கும்.

4. அஜெண்டாவில் இல்லாத விஷயத்தைக் கடைசியில் "இதர" என்ற தலைப்பில் கொண்டுவந்து முடிவெடுக்கிறார்களா? பெரிய செலவு, பைலா திருத்தம் போன்றவை முன்கூட்டியே நோட்டீஸில் இருக்க வேண்டும்.

5. கணக்கைத் தணிக்கை செய்தவர் யார்? அறக்கட்டளை, கட்டட நிதி, கண்காட்சி வருமானம் என்று தனித்தனிக் கணக்குகள் இருந்தால் எல்லாம் பொதுக்குழு முன் வருகிறதா?

6. சங்கம் தரும் சான்றிதழுக்கு எந்த அரசு உத்தரவின்படி மதிப்பு? அந்த உத்தரவின் பிரதியைக் காட்ட முடியுமா?

7. தொழில்நுட்பக் குழுவில் இருப்பவர்கள் தங்கள் வியாபார நலனை எழுத்தில் தெரிவிக்கிறார்களா?

இவற்றைக் கேட்பது சண்டை போடுவது ஆகாது. பதிவாளர் அலுவலகத்தில் தாக்கலான ஆவணங்களைக் கட்டணம் செலுத்திப் பார்க்கலாம், நகலும் வாங்கலாம். பொதுக்குழுவில் கேட்ட கேள்வியும் அதற்கு வந்த பதிலும் மினிட்ஸில் ஏறியதா என்று அடுத்த கூட்டத்தில் பார்க்க வேண்டும். மினிட்ஸில் இல்லாத பேச்சு, பிறகு பிரச்சினை கோர்ட்டுக்குப் போனால் உதவாது.

ஏ.எம்.ஐ.இ. விஷயத்தில் 2013 மே 31 என்ற தேதிக்குப் பிறகு சேர்ந்தவர்களுக்குக் கிடைத்த பாடமும் இதுதான். சான்றிதழில் இருக்கும் முத்திரையைப் பார்ப்பதற்கு முன்னால், அந்த முத்திரையைக் குத்தும் அதிகாரம் எங்கிருந்து, எதுவரை என்று கேட்டிருக்க வேண்டும். அந்தக் கேள்வியைக் கேட்கும் உரிமை சந்தா கட்டும் ஒவ்வொரு உறுப்பினருக்கும் இருக்கிறது. அடுத்த பொதுக்குழு நோட்டீஸ் வந்தால், முதலில் அஜெண்டாவைப் படியுங்கள்.